ஒரு சொட்டு ஒழுகாத ஹோஸ்

மூக்குத்திப்பாறைக்காரர்களை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எங்களுக்குக் கோபமே வராது. கோபம் வர வேண்டுமென்றால் முதலில் அது புரிய வேண்டுமே. நானும் அந்த ஊர்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்கு ஒரே ஒரு ஜீப். நாலு பேர் கூட்டாக வாங்கியது, ஆளுக்கு ஒரு சக்கரம் சொந்தம். முன்பக்கம் வலது சக்கரம் ஒச்சப்பனுக்கு. ஸ்டியரிங்கும் அந்தப் பக்கமே இருந்ததால் அவனே டிரைவர் ஆகிவிட்டான். முன்பக்கம் இடது சங்கிலிக்கு. பின்சக்கரங்கள் பொம்மையனுக்கும் இருளாண்டிக்கும். ஸ்டெப்னி யாருக்கும் சொந்தமில்லை. அதனால் நாலு பேரும் ரெண்டுக்கு ரெண்டாக முட்டிக்கொண்டால் ஸ்டெப்னியை உருட்டிவிடுவார்கள். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஜெயித்தது. எங்கள் ஊரில் இதுவரை உருப்படியாக நடந்த காரியமெல்லாம் ஸ்டெப்னி முடிவு பண்ணியதுதான்.

அந்தத் திங்கட்கிழமை ஜீப்பின் பவர் ஸ்டியரிங்குக்கு எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் குழாய், அதாவது ஹோஸ், வெடித்துவிட்டது. எண்ணெய் பூராவும் பாறையில் கொட்டி, ஸ்டியரிங் ஆட்டுக்கல் மாதிரி இறுகிப்போனது. ஒச்சப்பன் அந்த இடத்திலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

காரணம் இருக்கிறது. அவன் பெண்டாட்டி பவுன்தாய் பிரசவத்துக்காக அடிவாரத்தில் அப்பன் வீட்டில் இருந்தாள். பெண் குழந்தை, மூணு மாசம். வெள்ளிக்கிழமை கூட்டிப்போக நாள் குறித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆடி பிறக்கிறது, அதற்கப்புறம் ஒரு மாசம் அனுப்ப மாட்டார்கள். போனமுறை ஜீப் போய் நின்றபோது பழைய ஹோஸ் ஒழுகி, வாசலில் மாமியார் வழுக்கி விழுந்திருந்தார். அதிலிருந்து மாமனார் குருநாதன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார், ஒரு சொட்டு எண்ணெய் வாசலில் விழுந்தாலும் பொண்ணும் கிடையாது பேத்தியும் கிடையாது என்று. ஒச்சப்பன் மகளை இதுவரை ரெண்டே தடவைதான் தூக்கியிருக்கிறான். அதிலும் ஒரு தடவை அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

டவுனில் ஹோஸ் கடை வைத்திருக்கும் தாவூது பாய்க்குப் போன் போட்டார்கள். பழைய ஹோஸைக் கழற்றி எடுத்து வாருங்கள், அதோடு முன்சக்கரத்தை முழுக்க இடமும் முழுக்க வலமும் திருப்பிப் பார்த்து, எந்தப் பக்கம் தூரம் அதிகமோ அதைக் கயிற்றால் அளந்து, மேலே நாலு விரல் சேர்த்துக்கொள்ளுங்கள், காடு மேட்டில் வண்டி குலுங்கும்போது இழுத்துப் பிடிக்கக் கூடாது என்றார்.

அளந்தார்கள். நாலு விரல் சேர்க்கும்போதுதான் சிக்கல். ஒச்சப்பன் தன் நாலு விரலை வைத்தான். சங்கிலிக்கு மனசு கேட்கவில்லை, கூட்டு வண்டியில் ஒருத்தன் விரல் மட்டும் எப்படிச் செல்லும் என்றான். அவன் நாலு விரல் வைத்தான். பின்சக்கரக்காரர்கள் சும்மா இருப்பார்களா, அவர்களும் வைத்தார்கள். கடைசியில் பதினாறு விரல் சேர்ந்த கயிற்றோடு நாலு பேரும் பஸ் ஏறினார்கள்.

பாய் கயிற்றைப் பார்த்தார், பழைய ஹோஸைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார். கயிற்றைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய ஹோஸை வைத்தே அளவு எடுத்தார். நல்ல மனுஷன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. முனையில் மாட்டும் ஃபிட்டிங் பற்றி மட்டும்தான் கேட்டார். பம்ப்பிலிருந்து எண்ணெய் முக்கிக்கொண்டு வரும் பக்கம் இது, அதனால் கிளிப் போட்டு இறுக்குவது ஆகாது, மரை போட்ட ஃபிட்டிங்தான் வேண்டும், நேராக வேண்டுமா வளைந்ததாக வேண்டுமா என்றார்.

நாலு பேரும் கடைக்கு வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். ஒச்சப்பன்தான் பதில் சொன்னான்.

"பாய், எங்க ரோட்டுல பதினாலு வளைவு. வளைஞ்ச ஃபிட்டிங்கே பதினாலு போட்டுருங்க."

"ஏறும்போது பதினாலு. எறங்கும்போது ஒரு பதினாலு இருக்குல்ல," என்றான் இருளாண்டி.

பாய் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் பழைய ஹோஸில் இருந்த மாதிரியே ஒரு முனையில் நேர் ஃபிட்டிங்கும் மறுமுனையில் வளைந்ததும் வைத்து மெஷினில் அழுத்தி, ரெண்டு வாய்க்கும் பிளாஸ்டிக் மூடி போட்டுக் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தைதான் இத்தனைக்கும் காரணம்.

"தம்பி, இதை முறுக்கக் கூடாது, மடக்கக் கூடாது. சூடு படக் கூடாது, எது மேலயும் ஒரசக் கூடாது, வாய்க்குள்ள தூசி போகக் கூடாது. இத மட்டும் பாத்துக்கிட்டா பத்து வருஷத்துக்குக் கவலையில்ல."

ஒச்சப்பன் இதைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டான். போன மாசம் மாமியார் குழந்தையைக் கையில் கொடுத்தபோது சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்.

பஸ்ஸில் ஹோஸை மடக்கக் கூடாது அல்லவா. நாலு பேரும் நடுவில் வரிசையாக நின்று, ஆளுக்கு ஒரு சாண் இடம் பிடித்து, ஆடாமல் அசையாமல் ஏந்திக்கொண்டார்கள். வெயில் பட்ட பக்கம் பொம்மையன் குடை பிடித்தான். கண்டக்டர் முதலில் திட்ட வந்தவர், இவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவோ துக்கம் என்று நினைத்து ஒதுங்கிப் போனார். ஒரு அம்மா எழுந்து இடம்கூடக் கொடுத்தார். ஹோஸை உட்கார வைத்தால் மடங்கிவிடுமே என்று ஒச்சப்பன் பணிவாக மறுத்துவிட்டான்.

வியாழக்கிழமை காலை ஜீப்பின் பானெட்டைத் திறந்தார்கள். ஒச்சப்பன் புது ஹோஸைத் துண்டிலிருந்து பிரித்து, மாட்டப் போகிற இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். அப்போதுதான் இருளாண்டி அவன் கையைப் பிடித்தான்.

"மாப்ள, நில்லு. இந்த இன்ஜின் ஓடுனா சுடுமா சுடாதா?"

"சுடும்."

"அந்தா இருக்கே இரும்புக் குழாய், அது மேல இது ஒரசுமா ஒரசாதா?"

ஒச்சப்பன் குனிந்து பார்த்தான். உரசும் போலத்தான் இருந்தது.

"மாட்டணும்னா மூடியக் கழட்டணும். நம்ம ஊருத் தூசி வாய்க்குள்ள போகுமா போகாதா? பாய் எதை எதைச் செய்யக் கூடாதுன்னு சொன்னாரோ, அத்தனையும் சேத்து வச்ச எடம் இதுதான். பத்து வருஷம் வர வேண்டியதை இன்னைக்கே கொன்னுறாத."

உண்மையைச் சொன்னால் எதிர்த்துப் பேச எங்களுக்கு வாய் வராது, அது எங்கள் ஊர்ப் புத்தி. சங்கிலி மட்டும் ஹோஸ் இல்லாமல் ஸ்டியரிங் எப்படித் திரும்பும் என்றான். முன்சக்கரக்காரன், அவனுக்குத்தான் வலிக்கும். பொம்மையன் இருளாண்டி பக்கம் சேர்ந்தான். ஒச்சப்பனுக்கு மனசு ரெண்டு பக்கமும் இழுத்தது. வெள்ளிக்கிழமை போக வேண்டும், மகளைத் தூக்க வேண்டும், அவள் விழித்திருக்கும்போது தூக்க வேண்டும். கடைசியில் மாட்டிவிடலாம் என்று சங்கிலியோடு நின்றான். ரெண்டுக்கு ரெண்டு.

ஸ்டெப்னியை உருட்டினார்கள். அது கொஞ்ச தூரம் ஓடி, ஒரு கோழியைத் துரத்தி, யோசித்து, பின்சக்கரக்காரர்கள் பக்கம் சாய்ந்தது.

அவ்வளவுதான், தீர்ப்பு ஆகிவிட்டது. பம்ப்பின் வாயை மரக்கட்டை வைத்து அடைத்தார்கள். எண்ணெய் இல்லாத பம்ப் வெட்டியாக ஏன் சுற்ற வேண்டும் என்று அதன் பெல்ட்டையும் கழற்றிப் போட்டார்கள். ஹோஸைத் துடைத்து, புதுத் துண்டில் சுற்றி, முன்சீட்டில் நேராகச் சாய்த்து, மேலே ஒரு குடையையும் கட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஜீப் இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. பொம்மையனும் இருளாண்டியும் ஒச்சப்பனோடு சேர்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கி இழுத்தார்கள். சங்கிலி கீழே இறங்கி டயரை உதைத்து உதைத்துத் திருப்பினான். தன் சக்கரத்தை மட்டும்தான் உதைத்தான். ஒச்சப்பன் சக்கரத்தில் கால் வைக்க அவனுக்கு உரிமையில்லை. ஆறாவது வளைவில் ஒச்சப்பனே வெட்கம் தாங்காமல் சிரித்துவிட்டான். உலகத்தில் மாமனார் வீட்டுக்கு இப்படிப் போன மாப்பிள்ளை நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்றான். மற்ற மூணு பேரும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்கள்.

குருநாதன் தயாராக இருந்தார். ஜீப் நின்றதும், வெளுத்த வேட்டி ஒன்றை இன்ஜினுக்கு நேர் கீழே விரித்தார். காப்பி வரச் சொல்லிக் குடித்தார். வெற்றிலை போட்டார். உள்ளேயிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. அரை மணி கழித்து மாமனார் மண்டியிட்டுப் பார்த்தார். வேட்டியில் பொட்டு அளவு கறை இல்லை.

அவர் எழுந்தபோது முகமே மாறிவிட்டது. "மாப்பிள்ளை, உங்களத் தப்பா நெனச்சுட்டேன். எங்க வாங்குனீங்க அந்த ஹோஸ?"

ஒச்சப்பன் பெருமையோடு முன்சீட்டுத் துண்டை விலக்கிக் காட்டினான்.

குழந்தையோடு வாசலுக்கு வந்த பவுன்தாய் அதைப் பார்த்தாள். அவள் மட்டும் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படித்தவள். "ஹோஸ் இங்க இருந்தா, உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

மாமனார் ஒச்சப்பனையே பார்த்தார். பொய் சொல்ல அவனுக்கு வராது, அதற்கும் கொஞ்சம் மூளை வேண்டும்.

"உள்ள ஒண்ணும் இல்ல," என்றான். "அதனாலதான் ஒழுகல."

குருநாதன் நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தார். அப்புறம் தலையை ஆட்டினார். "நாயமாத்தான படுது," என்றார். "இந்தக் கணக்கு போன தடவையே தெரிஞ்சிருந்தா உங்க அத்தை விழுந்திருக்க மாட்டா."

பவுன்தாய் தன் அப்பனையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். ரெண்டு பேருக்கும் நடுவில் ஏதாவது வித்தியாசம் இருக்கிறதா என்று தேடியும் அவளுக்கு அகப்படவில்லை போலிருக்கிறது. பெருமூச்சு விட்டுக் குழந்தையை ஒச்சப்பன் கையில் கொடுத்தாள். குழந்தை விழித்திருந்தது. அவன் அதை முறுக்காமல், மடக்காமல், வெயில் படாமல் பிடித்துக்கொண்டு அழுதான். ஜீப் மேலே ஏற சாயங்காலம் ஆகிவிட்டது, ஆனால் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

ஒரு வருஷம் கழித்து தாவூது பாய் போன் பண்ணி ஹோஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டு ஒழுகவில்லை, வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது என்றான் ஒச்சப்பன். அந்த ரோட்டிலா என்று பாய் அசந்துபோனார். அன்றிலிருந்து ஹோஸ் வாங்க வரும் மலை டிரைவர்கள் எல்லோரிடமும், மூக்குத்திப்பாறைக்காரர்கள் எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று ஒருதடவை போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொல்லியனுப்புகிறார்.

வருகிறார்கள். வாரத்துக்கு ரெண்டு மூணு ஜீப். ஒச்சப்பன் அவர்களைக் கை கழுவச் சொல்லி, செருப்பைக் கழற்றச் சொல்லி, சத்தம் போடாமல் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறான். தொட்டிலில் குழந்தை தூங்குகிறது. கட்டிலில் ஹோஸ் நேராக நீட்டிப் படுத்திருக்கிறது. ஒரு கோரைப்பாய் சுருட்டி ஓரமாகக் கிடக்கிறது, ராத்திரி ஒச்சப்பனும் பவுன்தாயும் தரையில் விரித்துப் படுத்துக்கொள்வார்கள்.