பலா மணை

"எனக்கு நின்னு போச்சும்மா" என்றாள் வடிவு.

கட்டிலில் கிடந்த உலகம்மை கண்ணைத் திறந்தார்.

"என்னட்டி நின்னு போச்சு?"

"மாசா மாசம் வாரதுதான். வருசம் ஒண்ணு ஆச்சு. முட்டி வலிக்கு. திடீர் திடீர்னு உடம்பு கொதிக்கு. தூக்கமே இல்ல. இனி மணை எனக்குத்தானே? உக்காந்துட்டா நிம்மதி."

மலையடிவாரத்தில் இருந்த அந்தப் பெண்கள் மடத்தில் அப்படி ஒரு வழக்கம். மாதவிலக்கு நின்றவள் பலாக்கட்டையில் செய்த மணையில் அமரலாம். அமர்ந்தபின் நடமாட்டம் கிடையாது. உடம்பின் வேலை முடிந்தது, இனி தவம்தான் என்று கணக்கு. யார் போட்ட கணக்கோ.

உலகம்மை ஐம்பதில் அமர்ந்தார். பன்னிரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து வடிவுதான் பணிவிடை. உலகம்மை அசையாமல் இருப்பதைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்தார்கள். பின்னால் மலையும் அசையாமல்தான் இருந்தது. அதை யாரும் கும்பிடவில்லை.

போன மாதம் அவருக்கு இடுப்பு எலும்பு உடைந்தது. ஆபரேஷன் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"என் எலும்பு எப்படி உடைஞ்சுது, சொல்லு."

"கீழ விழுந்தீங்க. உடைஞ்சுது."

"இல்லட்டி. உடைஞ்சுது. அதான் விழுந்தேன். மணைய விட்டு எந்திரிச்சேன், அவ்வளவுதான். அசையாமலே இருந்து எலும்பு செல்லரிச்ச கட்டை மாதிரி ஆயிட்டு, உள்ள ஒண்ணுமே இல்லன்னு டாக்டர் சொல்லுதாரு."

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். மடத்தின் பின்புறம் நாவல்பழம் விழும் சத்தம் கேட்டது.

"நான் வச்ச மரம்" என்றார் உலகம்மை. "கன்னா இருக்கும்போது பாத்தது. காய்ச்சு நான் பாத்ததில்ல."

"நாலு பேர் சேந்து கட்டிலோட தூக்கிட்டுப் போறோம்மா."

"தொட்டாலே உயிர் போகுது. எங்க தூக்க?"

உலகம்மை வடிவைப் பார்த்தார்.

"பழத்த நீதான் பொறுக்கிக் கழுவிக் கொண்டாந்து குடுத்தே. தண்ணி கேட்டா வாய்கிட்ட செம்பு. ஒரு நாளாவது, எந்திரிங்கம்மா, மரத்தடிக்குப் போயிட்டு வருவோம்னு கூப்பிட்டிருக்கலாம்லா."

"சேவைன்னு நினைச்சேம்மா."

"நானும் தவம்னுதான் நினைச்சேன்."

வடிவு அழுதாள். உலகம்மையும் அழுதார்.

"போய் மணைய எடுத்துட்டு வா."

நல்ல கனமான மணை. மூச்சு வாங்கத் தூக்கி வந்தாள். நமக்கே தருகிறார் என்று அந்தத் துக்கத்திலும் அவளுக்கு ஒரு சந்தோஷம். கட்டிலருகே போட்டு உட்காரப் போனாள்.

"உக்காரவா சொன்னேன்? தூக்கு."

"எதுக்கும்மா?"

"தலைக்கு மேல. தூக்கு."

தூக்கினாள். கை வெடவெடவென்று நடுங்கியது. தோள் எரிந்தது.

"இறக்கு. மறுபடியும்."

"முடியலம்மா."

"முடியாதுதான். மறுபடியும்."

தூக்கினாள்.

"நாளைக்கும்."

"எவ்வளவு நாளைக்கும்மா?"

உலகம்மை நாவல்பழம் விழும் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வாரமே அவர் போய்ச் சேர்ந்தார். மரத்தைப் பார்க்காமலே போனார்.

வடிவு தினமும் அழுதாள். அழுதுகொண்டே மணையைத் தூக்கினாள். மாதக்கணக்கில் வராத தூக்கம் அவளுக்கு வந்தது. அதற்கும் சேர்த்து அழுதாள்.

பதினாறாம் நாள் ஊர் ஜனம் மாலையோடு வந்தது. கூடத்தில் விரிப்பு விரித்தார்கள், விளக்கேற்றினார்கள். புது அம்மாவை மணையில் உட்கார்த்திக் கும்பிட வேண்டும். மணையைக் காணோம். வடிவையும் காணோம்.

பின்புறம் நாவல் மரத்தடியில் அவள் நின்றிருந்தாள். மணை தலைக்கு மேல் இருந்தது. கை இன்னும் நடுங்கத்தான் செய்தது. சேலையெல்லாம் பழக்கறை.

"நேரமாச்சு தாயி" என்றார் மாலையோடு வந்த பெரியவர். "வந்து உக்காருங்க."

வடிவு மணையை இறக்கினாள். மறுபடியும் தூக்கினாள்.

"இப்பத்தான்யா நின்னிருக்கேன்."