கட்டை போடாத வண்டி

"முன்ன மாதிரி ஏற மாட்டேங்குதும்மா" என்றார் அறப்பளி.

மெஹருன்னிசா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

"முன்ன எப்படி ஏறும்?" என்று கேட்டாள்.

நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எஞ்சினுக்கு இழுவை கூட்டும் டர்போ என்று வாயைத் திறந்தால் மெஹரு பட்டறைக்குப் போ என்றுதான் சொல்வார்கள். அவள் அப்பாவிடம் தொழில் கற்றவள். நாற்பது வயதிருக்கும். நாம் ஒரு கேள்வி கேட்டால் அவள் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டு ஆளை வெறுப்பேற்றுவாள். அதனால் டிரைவர்கள் அவளைச் சாமியாரம்மா என்று கேலி செய்வார்கள். அவள் அதற்குக் கோபித்ததுமில்லை, மகிழ்ந்ததுமில்லை.

அறப்பளி அவளைவிட ரொம்ப மூத்தவர். கொல்லிமலைக்காரர். தம் பழைய பிக்கப் வண்டியில் அரிசி மூட்டையும் சிமெண்டும் மேலே ஏற்றிப் போவார். பலாவும் அன்னாசியும் கீழே கொண்டு வருவார். ஒரு கேள்வி கேட்டால் போதும், மடை திறந்த மாதிரி பேசுவார்.

பேசினார்.

மலைப்பாதையில் மேலே ஒரு வளைவு இருக்கிறது. ஓரத்தில் பெரிய நாவல் மரம் நிற்பதால் டிரைவர்கள் நாவல் மர வளைவு என்பார்கள். பாரம் ஏற்றிய வண்டிகள் எல்லாமே அங்கே திணறும். கியர் மாற்றுகிற அந்த ஒரு நொடியில் பின்னால் நழுவும். உடனே கிளீனர் குதித்து இறங்கிப் பின் சக்கரத்துக்கு அண்டையாகக் கட்டையைப் போடுவான். கட்டை தாங்கிக்கொள்ளும். டிரைவர் நிதானமாகக் கிளட்சை விட்டு வண்டியை நகர்த்துவார்.

மலையில் இது அன்றாடம் நடப்பது. யாரும் இதில் வெட்கப்படுவதில்லை. அறப்பளி மட்டும் வெட்கப்படுவார்.

"மலையிலயே கட்டை போடாம ஏறுன வண்டி இது ஒண்ணுதாம்மா. கிளீனரே வெச்சதில்ல. நானும் என் வீட்டுக்காரியும்தான்."

வீட்டுக்காரியின் பெயர் வெள்ளையம்மா. இடது பக்கம் உட்கார்ந்து வருவாள். அவளுக்கு எந்தப் பாட்டும் முழுசாகத் தெரியாது. தெரிந்த இரண்டு வரியை அடிவாரத்தில் ஆரம்பித்தால் உச்சி வரைக்கும் அதையே பாடுவாள். நாவல் மர வளைவு வந்ததும் பாட்டை நிறுத்திவிட்டு, பழம் பொறுக்க வேண்டும், இறக்கி விடு என்பாள். வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே குதித்துவிடுவாள். இவர் பாட்டுக்கு வளைவை ஏறி, மேலே சமதளத்தில் நிறுத்திக் காத்திருப்பார். அவள் மூச்சு வாங்க நடந்து வருவாள்.

"நல்லாத் திட்டுவேன். இந்த வண்டி எந்த வளைவுக்கும் நின்னதில்ல, உன் ஒருத்தியாலதான் நிக்குதும்பேன். அவ நாக்கை நீட்டிக் காட்டுவா. ஊதாவா இருக்கும்."

சொல்லிவிட்டு அறப்பளி சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அவ போனா. அதோட வண்டிக்கும் சீவன் போச்சு. அதே வளைவுல நழுவுது, அணைஞ்சு போகுது."

போன வாரம் குறுக்கே நின்று பேருந்தையே மறித்துவிட்டது. பேருந்தில் வந்தவர்கள் இறங்கித் தள்ளினார்கள். மளிகைக்காரர், இன்னொரு தடவை இப்படி ஆனால் சரக்கை வேறு வண்டியில் ஏற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். மகன் அதற்கும் மேலே போய்ப் பழைய இரும்புக்காரரிடம் பேசி வைத்துவிட்டான். மகன் கெட்டவனில்லை. அப்பா ஒருநாள் வண்டியோடு பள்ளத்தில் போய்விடுவார் என்று அவனுக்குப் பயம். நிற்காமல் மலை ஏறினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் எடைக்குப் போட்டுவிடலாம் என்பது அவன் தீர்ப்பு.

"அவ உக்காந்த சீட்டும்மா" என்றார் அறப்பளி. "அதை எப்படி எடைக்குப் போடறது?"

மெஹரு வண்டியைச் சுற்றி வந்தாள். இடது பக்கக் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துருப்பிடித்த கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அது என்ன என்று கேட்டாள். உடைந்து வருஷக்கணக்காயிற்று, மாற்றலாம் என்றபோதெல்லாம் வெள்ளையம்மா வீண் செலவு என்று தடுத்துவிட்டாள் என்றார். சொல்லும்போது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவ்வளவு சிக்கனக்காரி.

"டர்போ போட்டா ஏறுமாம்மா?"

"ஏறும்."

"கையில காசு கம்மி."

"அதான் வண்டியப் பாத்தாலே தெரியுதே."

புதிது என்கிற பேச்சே எழவில்லை. உடைத்துப் போட்ட வண்டிகள் குவிந்து கிடக்கும் பழைய இரும்புக் கடைகளில் தேடி ஒரு டர்போ கொண்டு வரச் சொன்னாள்.

எப்படிப் பார்த்து எடுப்பது என்று கேட்டார்.

"காது கேக்குதுல்லண்ணா?" என்றாள்.

அறப்பளி போனார். குவியலில் இருந்ததிலேயே பளபளப்பானதைத் தேடி எடுத்து, பெண் பார்த்து முடித்தவர் மாதிரி சந்தோஷமாக வந்தார். மெஹரு அதன் சக்கரத்தை விரலால் சுண்டினாள். கரகரவென்று அரைச் சுற்று சுற்றி நின்றது. அவள் அதைக் கொண்டுபோய்ப் பட்டறைக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக் கொடுத்தாள். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.

மறுபடி போனார். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுண்டிக் கேட்டுப் பார்த்தாராம். கடைக்காரன், பெரியவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான். கொண்டு வந்தது கரிக்கட்டையாக இருந்தது. மெஹரு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சுண்டினாள். சத்தமே இல்லாமல் சுற்றி, மெதுவாக நின்றது.

"ரொம்பக் கரி பிடிச்சிருக்கே" என்றார் அறப்பளி.

"வேலை செஞ்சிருக்கு" என்றாள் மெஹரு.

இது அப்படி என்னதான் செய்யும் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவள் எஞ்சினை ஓடவிட்டு, சைலன்சர் வாயில் கையை வைக்கச் சொன்னாள். வைத்தார். சூடு தாங்காமல் எடுத்துவிட்டார்.

"என்ன வருது?"

"புகை. வீணாப் போறது."

"அது இந்தச் சக்கரத்தச் சுத்தும். சக்கரம் எஞ்சினுக்குள்ள காத்தை ஊதும்."

அறப்பளி தம் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெளிய போன மூச்சு உள்ள வர்ற மூச்சைத் தள்ளுதா?"

மெஹரு வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டாள்.

வேலை நடந்தது. தடித்த இரும்புத் தகட்டை அறுத்து டர்போ உட்காரத் தாங்கி செய்தாள். ஏதோ லாரியிலிருந்து கழற்றிப் போட்ட ரப்பர் குழாயை வெட்டிக் காற்றுக்கு வழி செய்தாள். எண்ணெய் வந்து போக ஒரு செம்புக் குழாய். விலை கொடுத்து வாங்கியது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பட்டறை மூலையில் யாருக்கும் வேண்டாமல் கிடந்தவை.

அறப்பளிக்கு ஆசை கூடிவிட்டது. டீசல் நிறைய வரும்படி பம்பையும் நன்றாகத் திருகிவிட்டால் இன்னும் பறக்குமே என்றார். எஞ்சின் பழையது, கொஞ்சமாக ஊதினால் இழுக்கும், அதிகமாக ஊதினால் உடையும் என்றாள் அவள். இன்னும் கொஞ்சம் மட்டும் என்று கெஞ்சினார்.

"மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"போதும்னு எழுந்தீங்களா, இலையவும் சேத்துத் தின்னீங்களா?"

அதற்குமேல் அவர் பம்பைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வண்டியில் எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கும். இடது சீட்டைத் தூக்கியபோது ஒரு மரக்கட்டை உருண்டு விழுந்தது. சக்கரத்துக்குப் போடுகிற கட்டை. வண்டி வாங்கியபோது கூடவே வந்தது, பின்னால் தொங்கிக்கொண்டு கிடந்தது, வெள்ளையம்மா போன பிறகு மகன்தான் கழற்றி உள்ளே போட்டான் என்றார் அறப்பளி. நமக்குத்தான் அது தேவைப்பட்டதே இல்லையே என்று மறக்காமல் சேர்த்துக்கொண்டார்.

மெஹரு கட்டையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் டயரின் வளைவுக்குக் குழிந்து தேய்ந்திருந்தது. அடியில் பொடிக்கற்கள் பதிந்திருந்தன. கயிற்றுப் பிடியில் கை உரசாமலிருக்க யாரோ பழைய சேலைக் கிழிசலைச் சுற்றியிருந்தார்கள். பச்சை நிறம் வெளுத்துப் போயிருந்தது.

"தேஞ்சிருக்கேண்ணா."

"தொங்கித் தொங்கித் தேஞ்சதும்மா."

மெஹரு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டையைச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

வண்டி கிளம்பும்போது ஒன்று மட்டும் சொன்னாள். உச்சிக்குப் போனதும் உடனே அணைக்கக் கூடாது. கொஞ்ச நேரம் சும்மா ஓட வேண்டும்.

அறப்பளிக்கு வயிறு எரிந்தது. மலைக்காரர்கள் உச்சியைத் தொட்டதும் செய்கிற முதல் வேலை சாவியைத் திருப்புவதுதான். இறக்கத்தில்கூட எஞ்சினை அணைத்து டீசல் மிச்சம் பிடிக்கிற புத்திசாலிகள் உண்டு. சும்மா ஓடுவதாவது?

"உள்ள சூட்டோட சுத்திக்கிட்டிருக்கும்ணா. எண்ணெய் போயி ஆத்தணும். சட்டுனு நிறுத்துனா கெட்டுப்போகும்."

"அதுவரைக்கும் நான் என்னம்மா பண்றது?"

"உக்காந்திருங்க."

சில நாள் கழித்து அறப்பளி வந்தார். ஒரு பெரிய பலாப்பழத்தை இறக்கிப் பட்டறை வாசலில் வைத்தார். முகம்தான் சரியில்லை.

ஏறியதா என்று கேட்டாள். ஏறியது என்றார். நாவல் மர வளைவில் கியரே மாற்றவில்லை, மூன்றாவதிலேயே போய்விட்டது. மளிகைக்காரர் தோளில் தட்டிக் கொடுத்தார். மகன் பழைய இரும்புக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

"அப்புறம் என்னண்ணா?"

"முன்ன மாதிரி இல்லம்மா."

மெஹரு ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

அவர் சொன்னார். உச்சியில் வண்டியை அணைக்காமல் அவள் சொன்னபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட் காலியாக இருந்தது. செய்ய ஒரு வேலையும் இல்லாததால் வந்த வழியை மனசுக்குள் ஒருமுறை திரும்ப ஓட்டிப் பார்த்தார். எதுவோ ஒன்று குறைந்தது. என்னவென்று அப்போதுதான் பிடிபட்டது.

"முன்னெல்லாம் அந்த வளைவுல கியர் மாத்தறப்ப வண்டி ஒரு நொடி நிக்கும். பின்னால டொக்குனு ஒரு சத்தம் வரும். எஞ்சின் பிடிச்சுக்கிச்சுன்னு நெனைப்பேன். அப்புறம் தூக்கிக்கிட்டுப் போகும். இப்ப அந்தச் சத்தம் இல்லம்மா."

கொஞ்சம் தயங்கினார்.

"மறுபடி அந்தச் சத்தம் வர்ற மாதிரி எதாச்சும் பண்ண முடியுமா?"

மெஹரு பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாவப்பழம் எந்த மாசம்ணா பழுக்கும்?"

"ஆனி, ஆடி."

"அவங்க எந்த மாசமெல்லாம் இறங்குவாங்க?"

அறப்பளி சொல்ல வாயைத் திறந்தார். தையில் சிமெண்டு ஏற்றிப் போனது நினைவுக்கு வந்தது. அப்போதும் இறங்கினாள். மார்கழிப் பனியில் முக்காடு போட்டுக்கொண்டு இறங்கினாள். மரத்தில் பழமில்லாத மாதங்களிலும் அவள் மூச்சு வாங்க நடந்து வந்தாள். இவர் திட்டினார். நீட்டிக் காட்ட அப்போது அவளுக்கு ஊதா நாக்கு இல்லை. சும்மா சிரித்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

மெஹரு சுவரிலிருந்து கட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் விரல்கள் தாமாகவே சேலைக் கிழிசலைப் பிடித்துக்கொண்டன. அறப்பளீஸ்வரர் கோயில் திருவிழாவுக்கு அவரே வாங்கிக் கொடுத்த பச்சைச் சேலை. கிழிந்துவிட்டது என்றாள். பிறகு அது என்ன ஆயிற்று என்று அவர் கேட்டதில்லை.

"கட்டை போடறத நான் பாத்துடக் கூடாதுன்னுதான் கண்ணாடிய மாத்தவே விடலம்மா அவ" என்றார்.

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். பட்டறையில் இருந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"உன் ஒருத்தியாலதான் வண்டி நிக்குதுன்னு திட்டுனேனே. ஒவ்வொரு தடவையும் திட்டுனேனே."

மெஹரு அவரைத் தேற்றவில்லை. பக்கத்தில் நின்றாள்.

வெகுநேரம் கழித்து அவர் எழுந்தார். கட்டையை மாரோடு அணைத்தபடி வண்டியின் பின்பக்கம் போனார். அது முன்பு தொங்கிய கொக்கியைத் தேடிக் கண்டுபிடித்துக் கயிற்றை மாட்டப் போனார்.

மெஹரு அவர் கையிலிருந்து அதை வாங்கினாள். முன்னால் வந்து இடது பக்கக் கதவைத் திறந்தாள். கட்டையைச் சீட்டின் மேல் வைத்தாள்.

"பின்னால வேண்டாம்ணா. வண்டிதான் இப்ப நிக்காம ஏறுதே" என்றாள். "இனி அவங்க இறங்க வேண்டியதில்ல."