கூத்தம்பாறையார் பாதாளக்கரண்டி செய்த கதை

கூத்தம்பாறைக்காரர்களைப் பற்றி நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்ல அவர்கள் இடம் வைத்ததில்லை.

அந்த ஊர் மச்சக்காளைக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். புதன்கிழமை காலையில் புதுத் தாலியைக் கழுவி வைக்கலாம் என்று கிணற்றடிக்குப் போனான். தாலியைத் தூக்குவாளிக்குள் போட்டான். வாளியைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்தான். பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான்.

தொபுக்கடீர்.

பெண்ணின் அப்பா கட்டமுத்து போனில் ரொம்பப் பேசவில்லை. "வெள்ளி காலை ஒம்பதுக்குள்ள அந்தத் தாலி எம்மக கழுத்துல ஏறணும். இல்லேன்னா வந்த வேன்லயே கூட்டிட்டுப் போயிருவேன்" என்றார். மச்சக்காளைக்கு வயது முப்பத்தாறு. இது பார்த்ததில் எட்டாவது பெண். கிணற்றடியிலேயே உட்கார்ந்து அழுதான்.

ஊர்ப் பெரியவர் சங்கிலி வந்தார். எல்லாருக்கும் அவர் சித்தப்பு. கூடவே வீரணன், ஒச்சப்பன். யோசிக்கிற வேலை என்றால் இந்த மூன்று பேர்தான்.

"கிணத்துல விழுந்ததை எடுக்கப் பாதாளக்கரண்டிதான் முறை" என்றார் சங்கிலி.

பாதாளக்கரண்டி தெரியுமல்லவா? நாலைந்து கொக்கி சேர்ந்த இரும்பு. கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் துழாவினால், விழுந்தது மாட்டிக்கொண்டு வரும். ஊரில் இருந்த ஒன்று துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. கொல்லர் பட்டறையைப் பூட்டிவிட்டுப் பழநிக்கு நடந்துபோயிருந்தார். கடையில் வாங்கலாமே என்று கேட்காதீர்கள். அவர்களும் கேட்கவில்லை.

சந்தையூரில் ரத்தினம் ஆசாரி வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் போனார்கள். "ஒரு கரண்டி செஞ்சு குடுங்க" என்று கேட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் செய்து கொடுத்திருப்பார். "எப்படிச் செய்யறது?" என்று கேட்டார்கள். பாவம் மனுஷன், கேட்டதற்குச் சொன்னார். கரி உலை வேண்டாம், கேஸ் உலை போதும். ஒரு பழைய டிரம். உள்ளே சூடு தாங்கும் பஞ்சு இரண்டு சுற்று. அதன்மேல் உலைமண் பூச்சு. பர்னர் குழாய் ஒன்றைத் தானே கொடுத்தார். "சூடு வெளியே போகக் கூடாது. அதுதான் முக்கியம்" என்றார்.

ஊருக்கு வந்தார்கள். ஒச்சப்பன் டிரம்முக்குள் இறங்கிப் பஞ்சு ஒட்டி மண் பூசினான். வெளியே மற்றவர்கள், சூடு போகிற வழி எது எது என்று பார்த்துப் பார்த்து அடைத்தார்கள். பெரிய வழி டிரம்மின் வாய். தகரம் வைத்து அதையும் பூசினார்கள்.

டீ வந்தது. நாலு கிளாஸ். ஒன்று மிச்சம்.

"ஒச்சப்பன் எங்கடா?"

டிரம்முக்குள்ளிருந்து குரல் வந்தது. "சித்தப்பு! கொஞ்சம்கூட வெளிய போகலை சித்தப்பு! எல்லாச் சூடும் இங்கதான் இருக்கு!"

"கெட்டிக்காரன்டா" என்றார் சங்கிலி.

அப்புறம் கடப்பாரையால் ஒரு ஓட்டை போட்டு அவனை இழுத்தார்கள். உலைக்கு வாய் என்று ஒன்று அமைந்தது அப்படித்தான்.

வியாழக்கிழமை காலையில் பற்ற வைத்தார்கள். தீ மஞ்சளாக, சோம்பேறியாக எரிந்தது. ஆசாரி சொன்னது வீரணனுக்கு மனப்பாடம்.

"மஞ்சளா எரிஞ்சா காத்துப் பத்தலைன்னு அர்த்தம். காத்தைக் கூட்டணும். நீலமா, உறுமிக்கிட்டு எரியணும்."

"இங்க காத்து ஏதுப்பா? இலைகூட ஆடலை" என்றான் ஒச்சப்பன்.

"காத்து எங்க இருக்கு?" என்று கேட்டார் சங்கிலி.

"பாறை மேல."

நாலு பேரும் டிரம், சிலிண்டர், குழாய் எல்லாவற்றையும் பாறைமேல் ஏற்றினார்கள். அங்கே காற்று நிறைய. பற்ற வைத்ததும் தீ அணைந்தது. பதினோரு முறை.

"காத்து கூடிப்போச்சு" என்றார் சங்கிலி. பாதிப் பாறை இறங்கினார்கள்.

பர்னர் குழாயில் ஒரு வளையம் உண்டு. அதைப் பின்னால் தள்ளினால் காற்று கூடும், முன்னால் தள்ளினால் குறையும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் "வளையம் பத்திரம்" என்று ஆசாரி சொல்லியிருந்ததால் ஒருவரும் அதன் பக்கம் மூச்சுவிடவில்லை. கடைசியில் ஒரு வெள்ளாடு வந்து குழாயில் முதுகைச் சொறிந்தது. வளையம் நகர்ந்தது. தீ நீலமாகி உறுமியது.

ஆட்டுக்கு மாலை போட்டார்கள். அதில் தப்பில்லை. அந்தக் கூட்டத்தில் வேலை தெரிந்தது அது ஒன்றுதான்.

இரும்புக் கம்பியை உலைக்குள் வைத்தார்கள். ஆசாரியின் கடைசிச் சொல்: "ஆரஞ்சுப் பழ நிறம் வந்ததும் எடுத்து அடி."

"பழம் பக்கத்துல இல்லாம எப்படிப்பா பார்க்கிறது?" என்றார் சங்கிலி. மச்சக்காளை சைக்கிளில் சந்தையூர் போய்க் கமலா ஆரஞ்சு ஒன்று வாங்கி வந்தான். நம் பக்கத்துக் கமலா எப்படி இருக்கும்? பச்சையாக இருக்கும்.

உலை வாயருகே பழத்தை வைத்து உட்கார்ந்தார்கள். கம்பி சிவந்தது.

"இது தக்காளி" என்றான் வீரணன். "பொறு."

கம்பி நல்ல ஆரஞ்சு நிறமாக ஜொலித்தது.

"இது என்ன நிறம்?"

"என்னவோ ஒரு நிறம். பச்சை இல்லை. பொறு."

மஞ்சளானது. வெள்ளையானது. பொறி பறந்து கம்பியின் நுனி உருகிச் சொட்டியது. அப்போதும் பச்சையாகவில்லை.

"சித்தப்பு, நாளைக்கு ஒம்பது மணி..." என்று இழுத்தான் மச்சக்காளை.

"அவசரப்பட்டா இரும்பு கெட்டுப்போகும் மாப்ளே."

மத்தியானம் கேஸ் தீர்ந்தது. தீ அணைந்தது. கம்பி ஆறிக் கறுத்தது. பழம்? அதுவும் காலையிலிருந்து உலை வாயில் வெந்து கருகிக் கிடந்தது. சங்கிலி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கண் விரிந்தது.

"ரெண்டும் ஒரே நிறம்டா! அடி!"

ஆறிப்போன இரும்பை நாலு பேர் மாற்றி மாற்றி அடித்தார்கள். சாயங்காலம்வரை அடித்தார்கள். வளைந்தது. முட்டாள்தனத்துக்கு அவ்வளவு பலம் உண்டு. கோணலோ மாணலோ, நாலு கொக்கி.

வெள்ளி காலை எட்டரை மணி. கட்டமுத்து வேனில் டிரைவரை ஏறி உட்காரச் சொல்லிவிட்டார். ஊரே கிணற்றடியில். சங்கிலி கற்பூரம் காட்டிக் கரண்டியைக் கிணற்றில் போட்டார்.

கயிறு? கட்டவில்லை. கயிறு கட்டு என்று ஆசாரி சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எந்த மனுஷனுக்குத் தோன்றும்?

எல்லாரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மாட்டிருக்குமா?"

"மாட்டினா அதுவா வரும்."

கல்யாணப் பெண் பஞ்சவர்ணம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கிணற்றைப் பார்த்தாள். அந்தக் கிணற்றுக்குப் படி உண்டு. கோடை, முழங்கால் தண்ணீர்தான். முன்பே சொல்லவில்லையே என்று என்னிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கே நினைப்பில்லை. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகினாள், இறங்கினாள், தாலி கிடந்த வாளியோடு ஏறி வந்தாள்.

"இந்தாங்க. கட்டுங்க."

மச்சக்காளை கை நீட்டினான். சங்கிலி தடுத்தார். "படி தண்ணி எடுக்க. தாலி எடுக்கக் கரண்டி. முறை தப்பினா குடும்பம் விளங்குமா?"

மச்சக்காளை யோசித்தான். நியாயமாகத்தான் பட்டது. வாளியை வாங்கி மறுபடியும் கிணற்றில் போட்டான்.

கட்டமுத்து வேன் கதவைத் திறந்தார். மணி எட்டு ஐம்பது.

பஞ்சவர்ணம் அவனை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடியும் இறங்கினாள். கரண்டியைத் தேடி எடுத்தாள். வாளியின் கைப்பிடியை அதன் கொக்கியில் மாட்டினாள். கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.

"மாட்டிருச்சு! மாட்டிருச்சு!" ஊரே கத்தியது.

எட்டு ஐம்பத்தெட்டுக்குத் தாலி ஏறியது. ஈரத் தாலிதான். சங்கிலிக்குக் கண் கலங்கிவிட்டது. "நாம மட்டும் உலை போடலைன்னா இந்தப் பிள்ளை கல்யாணம் என்னாகியிருக்கும்?" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

சாப்பாடு முடிந்ததும் நாலு பேரும் கரண்டியைத் துடைத்து, சந்தனம் வைத்து, கிணற்றுக்கே கொண்டுபோய் நடுத் தண்ணீரில் போட்டுவிட்டு வந்தார்கள். இனி எது விழுந்தாலும் கரண்டியைத் தேடி அலைய வேண்டாமாம். விழுகிற இடத்திலேயே தயாராக இருக்கும்.