அடைத்த பொந்தும் அக்கரை ஆலமரமும்

மலைக்காட்டில் உயரமான மரம் ஒன்றில் மஞ்சமூக்கன், வெள்ளச்சி என்ற இரண்டு இருவாட்சிப் பறவைகள் குடியிருந்தன. முட்டையிடும் நாள் வந்ததும் வெள்ளச்சி பொந்துக்குள் புகுந்து, வாசலை மண் பூசி அடைத்துக்கொண்டாள். ஓர் அலகு நுழையும் இடுக்கு மட்டுமே மிச்சம். இருவாட்சிகளின் வழக்கம் அது. குஞ்சு பொரித்து வளரும்வரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும்.

மஞ்சமூக்கனுக்கு அத்தி, இச்சி, நாவல், காட்டு ஜாதிக்காய் என நாலு மரங்கள் சொந்தம். எதுவும் பிரமாதமாகக் காய்க்காது. ஆனால் தினமும் ஏதாவது ஒன்றில் பழம் இருக்கும்.

குஞ்சு பொரித்த மறுநாள் மலை அணில் செவலையன் வந்தான்.

"அண்ணே! பள்ளத்துக்கு அந்தப் பக்கம் என் ஆலமரத்தைப் பார்த்தீங்களா? இலையே தெரியாத அளவுக்குக் காய்! பத்தே நாள்ல பழுத்துடும். இந்த வருஷத்துக்கு உங்க நாலு மரத்தையும் எனக்கு விட்டுடுங்க. ஆலமரம் மொத்தமும் உங்களுக்கு!"

"போன வருஷம் எப்படிக் காய்ச்சுது?"

"பாரம் தாங்காம கிளையே ஒடிஞ்சுது அண்ணே!"

மஞ்சமூக்கன் கேட்டது அந்த ஒரே கேள்விதான். தீர விசாரித்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் பறந்தான்.

"பழுக்கலேன்னா?" என்று இடுக்கு வழியாகக் கேட்டாள் வெள்ளச்சி.

"பொந்துக்குள்ள இருக்கிற உனக்கு வெளி உலகம் என்ன தெரியும்?"

"எனக்கு உங்க அலகு மட்டும்தாங்க தெரியும். அது காலியா வந்தா தெரிஞ்சுடும். சரி, பத்து நாளைக்குக் குஞ்சுக்கு என்ன சாப்பாடு?"

"அங்கே இங்கே பொறுக்கி ஓட்டிடலாம்! பயந்துகிட்டே இருந்தா எப்பத்தான் முன்னேறுறது?"

முன்னேறும் அவசரத்தில் அன்றைக்கே நாலு மரங்களையும் கொடுத்துவிட்டான். தினமும் ஆலமரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, காய்களைப் பார்த்துப் பூரித்துப்போனான். குஞ்சுக்கு என்னவோ அரை வயிறுதான்.

ஒன்பதாம் நாள் பேய்க்காற்று அடித்தது. ஆலங்காய்கள் அத்தனையும் பச்சையாகவே பள்ளத்தில் கொட்டிவிட்டன.

மஞ்சமூக்கன் காலி அலகோடு வந்தான். குஞ்சு கத்திக்கொண்டே இருந்தது. பொந்துக்குள் இருக்கும் காலத்தில் இறகு உதிர்ந்திருந்த வெள்ளச்சியால் வெளியே வந்து இரை தேடவும் முடியாது.

மஞ்சமூக்கன் செவலையனிடம் பறந்தான். அவனோ அத்திமரத்தில் சாய்ந்தபடி பழம் தின்றுகொண்டிருந்தான்.

"பழுக்கும்னுதானே சொன்னே!"

"சொன்னேன் அண்ணே. காத்து அடிக்காதுன்னு சொன்னேனா?"

அதன் பிறகு மஞ்சமூக்கன் மூன்று மலை தாண்டிப் போய், யாரும் சீந்தாத மரங்களில் ஒவ்வொரு பழமாகத் தேடினான். தான் தின்னாமல் கொண்டுவந்து ஊட்டினான். குஞ்சு பிழைத்தது. அவன்தான் வெறும் அலகும் எலும்புமாக ஆகிப்போனான்.

அடுத்த வருஷம் நாலு மரங்களும் மஞ்சமூக்கன் கைக்குத் திரும்பின. வெள்ளச்சி மறுபடி பொந்தை அடைத்தாள். செவலையனும் மறுபடி வந்தான்.

"அண்ணே, இந்தத் தடவை ஆலமரம்..."

"இச்சி மரத்தை மட்டும் எடுத்துக்கோ. அது போனாலும் எங்க சாப்பாடு நடக்கும்."

"ஒரு மரத்துக்கு ஆலமரத்துல ஒரு கிளைதான் அண்ணே கிடைக்கும்!"

"போதும்!"

அந்த வருஷம் காற்று அடிக்கவில்லை. கிளை முழுக்கச் சிவக்கச் சிவக்கப் பழுத்தது. மஞ்சமூக்கன் வாய் நிறையப் பழத்தோடு வந்து இடுக்கின் முன்னால் குதித்தான்.

"ஐயோ, வெள்ளச்சி! நாலையும் கொடுத்திருந்தா மரமே நம்மளோடது! விட்டுட்டேனே!"

வெள்ளச்சி அலகை நீட்டி அவன் தலையில் ஒரு கொத்து கொத்தினாள்.

"போன வருஷம் இதே இடுக்குல காலி அலகை நீட்டினது யாருங்க? பேசினது போதும். பழத்தைக் கொடுங்க, குஞ்சு காத்திருக்கு!"

எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பதற்கு முன்னால், கிடைக்காமல் போனால் நாளைக்கு என்ன சாப்பிடுவோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.