முருங்கைக் கொப்பில் போட்ட கைப்பிடி

அநீதி இழைக்கப்பட்டது எனக்கு. இழைத்தவர்கள், பாளையங்கோட்டை மாடி வீட்டில் என்னோடு குடியிருந்து எம்.ஏ. படிக்கும் ஜெசிந்தாவும் பௌசியாவும். காய் நறுக்கும் பொறுப்பிலிருந்து என்னைத் தூக்கிப் பாத்திரம் தேய்க்கப் போட்டுவிட்டார்கள். விசாரணை? கிடையாது. குற்றம், எங்களிடம் இருந்த ஒரே கத்திக்கு நான் போட்ட கைப்பிடி.

பழையது உடைந்ததும் "கடையில புதுக் கத்தி வாங்குவோம்" என்றாள் ஜெசிந்தா. ஏன், பெண்பிள்ளைகளுக்கு ஒரு கட்டையைச் செதுக்க வராதா என்று வாதாடி ஜெயித்தேன். ஜெயித்ததுதான் வினை, செய்து காட்ட வேண்டியதாயிற்று. பின்வாசல் முருங்கையில் ஒரு கொப்பை ஒடித்தேன். செதுக்கக் கத்தி வேண்டுமே? கைப்பிடி இல்லாத அதே கத்தியைத் துப்பட்டாவில் சுற்றிப் பிடித்துச் செதுக்கினேன். கைப்பிடிக்குள் போகும் அதன் வாலைப் பழுக்கக் காய்ச்சிக் கொப்புக்குள் இறக்கினேன். புஸ்ஸென்று ஆவி வந்தது. ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சமையல்கட்டிலேயே என் வழக்கை வைத்தேன்.

"ஏட்டி, அது லேசுப்பட்ட கைப்பிடியா? நான் கத்தியத் தொட்டதுமே வெங்காயம் தானாத் தோலைக் கழட்டி வச்சிட்டு நின்னுது."

"நீ அழுதியா?" என்றாள் பௌசியா.

"வெங்காயம்தான் அழுதுச்சு. பூசணிக்காய்க்குக் கத்திய ஓங்கக்கூட இல்ல, நிழல்தான் பட்டுச்சு. நாலாப் பொளந்துட்டு. நிழல் அதோட நிக்கலியே! கீழ்வீட்டு அம்மியும் ரெண்டாப் போச்சு. வீட்டுக்கார அத்தை இடி விழுந்துச்சுன்னு நெனச்சிட்டு இருக்காங்க."

"மழையே இல்லாம இடியா?"

"மேகம், தானும் அறுந்து விழுந்திருவோமோன்னு பயந்து ஓடிட்டுல்லா."

ஜெசிந்தா கரண்டியைக் கீழே வைத்தாள். "பச்சை முருங்கையில எவளாவது கைப்பிடி போடுவாளா? கழுவித் தண்ணி டம்ளர்ல நட்டுக்குத்தா வேற வச்சிருக்க. துளிர் விட்டுட்டு!"

இதுதான் சங்கடம். நான் சொன்னதெல்லாம் பொய், அவள் சொன்னது நிஜம். ஆனால் அதற்காக வாதத்தை விட்டுவிட முடியுமா?

"துளிர் மட்டுந்தான் நீ பாத்த. நீங்க கிளாஸுக்குப் போன நேரத்துல பூத்துக் காய்ச்சுச்சு. ஒரே காய், ஜன்னல் வழியா ஆத்துப்பாலம் வரைக்கும் நீண்டுட்டு. அக்கரையில அதுலதான் சேலை காயப் போட்டாங்க. பெறகு கத்தி தானே வளைஞ்சு அந்தக் காய நறுக்கி, சாம்பார்ல போட்டுச்சு. நான் அடுப்பை மட்டுந்தான் பத்த வச்சேன்."

பௌசியா கத்தியையும் ஓர் உருளைக்கிழங்கையும் என் முன்னால் வைத்தாள். "நறுக்கு. நறுக்கிட்டா வேலை உனக்கு."

ஓங்கி ஒரு போடு போட்டேன். தகடு கிழங்கிலேயே நின்றுவிட்டது. கைப்பிடி மட்டும், இலையோடு, என் கையில்.

"இது கழண்டது இல்ல," என்றேன். "தகட்டுக்கு விடுதலை."

ஜெசிந்தா என் கையைப் பார்த்தாள்.

"அந்த இலைய உருவிப் பொரியலுக்கு வச்சிட்டு, போய்ப் பாத்திரத்தைத் தேயி."