சாமி வேண்டாமென்ற கூட்டு

துளசிமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. தாராபுரம் சாலையில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தாள். இறந்துபோன கணவர் விட்டுச்சென்ற கடை. அவர் இருந்த காலத்திலேயே, அவரைவிட அவள் கைவேலை சுத்தம் என்று தோட்டக்காரர்கள் பேசிக்கொள்வார்கள்.

ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம் இருந்தது. அங்கிருந்த சாமிக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு. ஆனாலும் அவளுக்கு அவர்தான் குரு. கணவர் போன பிறகு அவரைக் கேட்காமல் அவள் எதுவும் செய்ததில்லை. மகளுக்கு எந்த இடம் பார்ப்பது, கடையை எங்கே மாற்றுவது, வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்பது வரைக்கும் கேட்டாள். அவர் சொன்னார். அவள் செய்தாள்.

அந்தக் கோடையில் ஒரு தகராறு வந்தது.

வாழைத் தோட்டக்காரி ராமாத்தாளின் கிணற்று மோட்டார் ஒரே மாதத்தில் இரண்டு முறை எரிந்துபோனது. காயில் கட்டியது துளசிமணி. மோட்டாரைப் பூட்டிக் கிணற்றுக்குள் இறக்கியது சேக் தாவூத். அவர் அடுத்த தெருவில் பம்ப் வேலை பார்க்கும் பட்டறை வைத்திருந்தார்.

காயில் சரியில்லை என்று தாவூத் சொன்னார். பூட்டினது சரியில்லை என்று துளசிமணி சொன்னாள். இருவரும் ராமாத்தாளிடம்தான் சொன்னார்கள். எட்டு வருடமாக இந்த ஊரில் எந்த மோட்டார் எரிந்தாலும் இப்படித்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியதில்லை.

மூன்றாம் முறை எரிந்ததும் ராமாத்தாள் இரண்டு பேரையும் கூட்டிவந்து கிணற்றடியில் நிறுத்தினாள்.

"மாத்தி மாத்திச் சொல்லியே என்ற வாழையைக் கொன்னுட்டீங்க. யாரு தப்புன்னு தெரியாம இன்னைக்கு ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகக் கூடாது."

தாவூத் இறங்கி மோட்டாரைக் கயிறு கட்டி ஏற்றினார். பிரித்து வைத்தார். துளசிமணி குனிந்து பார்த்தாள். காயில் ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தது. மறுபக்கம் அவள் கட்டிக்கொடுத்த நிறம் மாறவில்லை.

"உள்ள சுத்தற சாப்ட் தண்டு சாஞ்சு ஓடியிருக்குதுங்க. அந்தப் பக்கம் உரசியிருக்குது. பேரிங் உக்கார்ற எடம் தேஞ்சிருக்கும், பாருங்க."

தாவூத் விரலை விட்டுத் தடவினார்.

"ஆமாக்கா. முடியளவு தேஞ்சிருக்கு. போன தடவையும் இப்படித்தான் ஒரு பக்கமா எரிஞ்சுதா?"

"அதுக்கு முந்தியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

ராமாத்தாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாழைக்குள் நடந்து போனாள்.

தாவூத் தேய்ந்த இடத்தைக் கடைந்து புஷ் வளையம் அடித்து இறக்கினார். துளசிமணி புதிதாகக் காயில் கட்டினாள். மோட்டார் ஓடியது. பாதி வாழை பிழைத்தது. மீதிப் பாதியை ராமாத்தாள் வெட்டி மாட்டுக்குப் போட்டாள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் துளசிமணி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து தாவூத் அவள் கடைக்கு வந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ வந்துட்டா என்னக்கா? எரிஞ்சதை நீங்க படிச்சுச் சொல்லுங்க. தேஞ்சதை நான் பாக்கறேன். அப்புறமும் எரிஞ்சா, யாரையும் கை காட்ட முடியாது."

அவளுக்கும் அதே எண்ணம்தான். ஆனால் வாயில் வந்தது வேறு.

"சாமியைக் கேட்டுச் சொல்றனுங்க."

சாமி கீரைப்பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார்.

"வேண்டாம்மா" என்றார்.

அவள் காத்திருந்தாள். அவர் அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

கொழுந்தனாரும் அதையேதான் சொன்னார். "காயில் கட்டறதோட இருங்க அண்ணி. ஊரு என்ன பேசும்?"

"ஊருக்கு மோட்டார் எரிஞ்சா எங்கிட்டத்தான் வரோணும். அப்ப வந்து பேசச் சொல்லுங்க" என்றாள். கொழுந்தனாரிடம் அப்படிச் சொல்லிவிட முடிந்தது. சாமியிடம் எப்படிச் சொல்வது?

அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் போனாள்.

"சாமி, அந்தக் கூட்டு விசயமுங்க."

"அவர் வாக்குத் தவறுவாரா?"

"இல்லீங்க."

"வேலை தெரியாதவரா?"

"அவரு கை வெச்சா அச்சு நூல் பிசகாதுங்க."

"உங்களுக்குப் பிடிக்கலையா?"

"புடிச்சதனாலதானுங்களே கேக்கறேன்."

"வேண்டாம்மா."

"எதுக்குன்னு சொல்லுங்க சாமி."

"சொல்றதுக்கில்லை."

பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக அவளுக்கு அவர் மேல் கோபம் வந்தது. பேருந்து ஏறாமல் வீடு வரைக்கும் நடந்தே வந்தாள். நடக்க நடக்கக் கோபம் குறையவில்லை, தெளிவாகிக்கொண்டே போனது. கருகிய காயிலை இவர் பார்த்தாரா? வெட்டிப் போட்ட வாழையைப் பார்த்தாரா? பார்த்தவள் நான். தொட்டுப் பார்த்தவர் தாவூத் பாய். இதில் வேண்டாம் என்று சொல்ல இவருக்கு என்ன தெரியும்?

மறு செவ்வாய் அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மடத்து வாசல் படலைத் திறந்து உள்ளே நாலடி வைத்து நின்றாள்.

"இன்னைக்குக் கேக்க வரலீங்க சாமி. சொல்லீட்டுப் போலாம்னு வந்தேன். வெள்ளிக்கெழம ரெண்டு கடையும் ஒண்ணாகுது. பழைய கிடங்கு ஒண்ணை வாடகைக்குப் பேசியாச்சு. உங்க பேச்சை மீறறேன். தெரிஞ்சேதான் மீறறேன்."

சாமி அவளைப் பார்த்தார்.

"போகும்போது படலைச் சாத்திட்டுப் போங்க" என்றார்.

அவள் சாத்தவில்லை. அகலத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனாள்.

பட்டறை தொடங்கியது. தாவூத் தோட்டம் தோட்டமாகப் போனார். அவருடைய பேச்சுக்குத் தோட்டக்காரர்கள் மயங்கினார்கள். அந்தப் பேச்சே நாலாம் மாதம் வினையாக வந்தது. ஒரு தக்காளிக்காரருக்கு மறுநாளே மோட்டாரைச் சரிசெய்து தருவதாக அவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

"காயிலுக்குப் பூசற வார்னிஷ் காயறதுக்கே ஒரு முழு நாள் வேணும் பாய். என்னைக் கேட்டா வாக்குக் குடுத்தீங்க?"

"உங்க வார்னிஷ் காயற வரைக்கும் அவர் தக்காளி காயணுமா?"

இரண்டு நாள் பேச்சு இல்லை. ஒரே கூரைக்குக் கீழே முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். மூன்றாம் நாள் அவள் பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றாள். மடத்துப் பக்கம் போகும் வண்டி வந்தது. படிக்கட்டு வரை போனவள் ஏறவில்லை. அங்கே போய் என்ன சொல்வது? இந்தச் சண்டையை எடுத்துக்கொண்டு போக அவளுக்கு வேறு இடமும் இல்லை.

திரும்பி வந்து தாவூதுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன பண்ணலாம், சொல்லுங்க பாய்."

அவரும் அதற்காகவே காத்திருந்த மாதிரி ஸ்பேனரைக் கீழே வைத்தார். மத்தியானம் வரை பேசினார்கள். சத்தம் போட்டும் பேசினார்கள். கடைசியில் தாவூத் தகரத்தில் ஒரு பெட்டி அடித்தார். அவள் அதற்குள் பெரிய குண்டு பல்புகளை மாட்டினாள். அந்தச் சூட்டில் வார்னிஷ் அரை நாளில் காய்ந்தது. அவளைக் கேட்காமல் தாவூத் அதன் பிறகு வாக்குக் கொடுக்கவில்லை.

அடுத்த கோடையில் மடத்து மோட்டார் எரிந்தது. சாமியே அதை ஒரு குட்டி யானைச் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

துளசிமணி கும்பிட்டாள். நாற்காலி போட்டாள். மோட்டாரைப் பிரித்துப் பார்த்து, "இதுல தேய்மானம் இல்ல பாய், வெறும் காயில்தான்" என்றாள். தாவூத் அதைத் தூக்கி அவள் மேசையில் வைத்துவிட்டு டீ வாங்கப் போனார்.

அவள் கருகிய கம்பியை வெட்டி எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"நாங்க ஒத்துப்போக மாட்டோம்னு நெனச்சீங்களா சாமி?"

"இல்லையே."

"அப்புறம் எதுக்கு வேண்டாம்னீங்க? என்ற நல்லதுக்குத்தான்னு சொல்லீராதீங்க. நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"கோவமாவே இருங்க" என்றார் சாமி. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சண்டை வந்துதா?"

"வந்துதுங்க."

"யார்கிட்டப் போனீங்க?"

"யார்கிட்டப் போறதுங்க? அவருகிட்டயேதான் போனேன்."

சாமி பட்டறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார்.

"நான் சரின்னு சொல்லியிருந்தா அந்தச் சண்டையும் எங்கிட்டத்தான் வந்திருக்கும். இங்க மூணு கூட்டாளி இருந்திருப்போம்மா. எனக்குக் காயில் கட்டவும் தெரியாது, கிணத்துல இறங்கவும் தெரியாது."