பாட்டுக்குள் வழுக்கிய வரி

கதை சின்னது. குறுக்கே பேசாமல் கேளுங்கள். கேள்வி கடைசியில் வரும்.

ஆனைமேட்டில் கிரகண வேளை கணிக்கும் பழைய கணியர் இறந்துபோனார். மகள் உமையாளும் அவள் தாயும் இருந்தது அந்த வேலையோடு சேர்ந்த வீடு. வேலை உமையாளுக்குக் கிடைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். போட்டிக்கு நீலன் என்பவன் வந்தான். கெட்டிக்காரன், அது அவனுக்கும் தெரியும்.

அந்த ஊர்க் கணியர்கள் எண்களை எழுதி வைத்துக்கொள்ள மாட்டார்கள். செய்யுளாகக் கட்டி மனப்பாடம் செய்திருப்பார்கள். வரியை வாய்க்குள் சொல்லிக்கொண்டே, அது தரும் எண்ணுக்குத் தரையில் சோழியை நகர்த்துவார்கள். கணிப்பு அவ்வளவுதான்.

வேலைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் அரசனுக்கு ஒரு எண்ணம்: இசை கேட்டால் புத்தி கூர்மையாகும். பரீட்சையாக, தான் பிறந்த அன்று வந்த கிரகணத்தின் வேளையைச் சொல்லுங்கள் என்றான். சரியான விடை அவனுக்குத் தெரியும். கூடவே பாடினியைப் பாடச் சொன்னான். பாட்டு வேண்டாமே என்று உமையாள் கேட்டுப் பார்த்தாள்.

"பாட்டுக்குக் கலைகிற புத்தி என்ன புத்தி?" என்றான் அரசன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நல்ல பாட்டுதான். அதன் நடையும் செய்யுளின் நடையும் ஒன்று. நீலன் தலை ஆடியது. தாளத்துக்குத் தாளம் சோழி நகர்ந்தது. முகத்தில் அப்படியொரு களை. உமையாளோ பாதியில் கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

குறித்த நேரத்துக்கு முன்பே நீலன் விடை சொன்னான். அரை நாழிகை பிசகு. அரசன் உமையாளைப் பார்த்தான்.

"ஒரு வரி பாட்டுக்குள் வழுக்கிவிட்டது அரசே. எந்த வரி என்று தெரியும். பாட்டு நின்றால் அங்கிருந்து கணக்கைப் போடுகிறேன்."

நீலன் சிரித்தான். "அதுவரைக்கும் கிரகணம் அம்மணிக்காகக் காத்திருக்குமாக்கும். நானாவது கிட்டத்தில் வந்தேன்."

ஒருவன் தப்பான விடை தந்தான். ஒருத்தி விடையே தரவில்லை. இதில் யார் செய்தது சரி? வீடு யாருக்கு? யோசியுங்கள். பக்கத்தில் பாட்டு ஓடினால் முதலில் அதை நிறுத்துங்கள்.

விடை: உமையாளுக்கு. பாட்டு இருவர் வாயையும்தான் இழுத்தது. இழுத்தது அவளுக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை. பாட்டு தந்த சந்தோஷத்தைக் கணக்கு ஓடுகிற வேகம் என்று நினைத்துக்கொண்டான். கிட்டத்தில் வந்தது தற்செயல். அடுத்த முறை எவ்வளவு தள்ளிப்போவான் என்று அவனுக்கே தெரியாது. கிரகணம் காத்திருக்காது, உண்மை. ஆனால் அதைக் கணிப்பது பல மாதம் முன்னால். ஒரு பாட்டு முடியும்வரை பொறுக்க நேரம் உண்டு. அம்மி அரைக்கிறவளுக்குப் பாட்டு துணை. வாய்க்குள் சொல் ஓடுகிற வேலையில் காதுக்குள் வேறு சொல் விழக் கூடாது. பரீட்சையில் அரசனும் தேறவில்லை. அவன் வேலைக்கு யாரும் போட்டிக்கு வராததால் தப்பித்தான். உமையாளின் தாய் மூட்டை கட்ட வேண்டாம்.